அம்புக்குறிக்கு மேல் ஒரு வினைச்சொல்

அன்புள்ள ஐயா,

களனி ஆற்றைப் பற்றி நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் கொழும்பு 13இல் ஒரு பாடசாலையில் தரம் 8 பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். போன தவணையில் வளிமண்டலம், நீர்க்கோளம், கற்கோளம், உயிர்க்கோளம் நான்கையும் முடித்துவிட்டு, 'இவை ஒன்றோடொன்று எப்படித் தொடர்புபடுகின்றன? படம் வரைந்து விளக்குக' என்று கேள்வி கொடுத்தேன். கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே படத்தைத்தான் வரைந்திருந்தார்கள். நான்கு வட்டம், எல்லா வட்டங்களுக்கும் இடையில் இரண்டு பக்கமும் முனை வைத்த அம்புக்குறி, கீழே 'எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையவை' என்று ஒரு வரி. பிழை என்று வெட்டவும் முடியவில்லை, சரி போடவும் மனம் வரவில்லை.

கொப்பிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், முகத்துவாரத்தில ஆறு கடலோட சேருதே, அந்த இடம் எந்தக் கோளம்? அங்க மண்ணும் தண்ணியும் மீனும் எல்லாம் ஒண்டாத்தானே கிடக்கு." நீர்க்கோளம் என்று சொல்லிச் சமாளித்தேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

இன்னொன்று. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் சிலரின் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. இந்தப் பாடத்துக்கு அதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. ஆனால் அதை எடுக்கலாமா என்று தயக்கமாக இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஓர் ஆசிரியை,
கொட்டாஞ்சேனை

*

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் அந்தப் பிள்ளையிடம் 'நீ கேட்டது சரி' என்று சொல்லுங்கள். வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி சொல்லுங்கள். நான்கு கோளங்களும் நான்கு இடங்கள் என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் நினைக்கிறார்கள். மேலே காற்று, கீழே கல், நடுவில் தண்ணீர், அங்கங்கே உயிர்கள். நாம் கரும்பலகையில் வரையும் படமே அப்படி நினைக்க வைக்கிறது. நல்ல தோட்ட மண் ஒரு பிடி எடுத்தால் அதில் ஏறக்குறையப் பாதிதான் கல்லின் துகள். மற்றப் பாதி துகள்களுக்கு இடையிலுள்ள வெளி. அந்த வெளியில் காற்றும் தண்ணீரும் இருக்கின்றன, மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப ஒன்று கூட மற்றது குறையும். அப்புறம் உக்கிய இலை, வேர், புழு, கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ உயிர்கள். ஒரு பிடிக்குள் நான்கு கோளங்களும் இருக்கின்றன. முகத்துவாரத்தைப் பார்த்து அவள் கண்டுபிடித்ததும் இதைத்தான்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். உங்கள் பிள்ளைகள் பெயர்ச்சொற்களைப் பாடமாக்கியிருக்கிறார்கள். அவர்களிடம் வினைச்சொல் இல்லை. இரண்டு முனை அம்புக்குறி எதையும் சொல்வதில்லை, ஏதோ இருக்கிறது என்று மட்டும் காட்டுகிறது. 'எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையவை' என்ற வரியும் அப்படித்தான். அதை எழுதிவிட்டால் அதற்குமேல் யோசிக்க எதுவும் இல்லாமல் போய்விடுகிறது.

நான் ஆசிரியன் இல்லை. ஆனால் என் பேத்தியோடும் அவளுடைய இரண்டு சிநேகிதிகளோடும் இந்தப் பாடத்தை வேறு விதமாகச் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டே விதிகள் வைத்தோம். அம்புக்குறிக்கு ஒரு முனைதான் இருக்கலாம். அதன்மேல் ஒரு வினைச்சொல்லும், எது போகிறது என்பதும் எழுத வேண்டும். அவ்வளவுதான். கரைக்கிறது, அரிக்கிறது, சுமக்கிறது, படிகிறது, ஊறுகிறது, கசிகிறது, உறிஞ்சுகிறது, பிளக்கிறது என்று அவர்கள் கேட்டுப் பழகிய வினைச்சொற்களே போதுமாக இருந்தன. வீட்டிலும் வீதியிலும் பேசும் சொற்கள் பாடத்துக்குள் வந்ததும் பிள்ளைகளின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

அந்த விதியால் இன்னொன்றும் தெரியவந்தது. உயிர்களை நோக்கிப் போகும் அம்புக்குறிகளைப் பிள்ளைகள் எளிதாக வரைகிறார்கள்: தண்ணீர் மீனுக்கு, காற்று மனிதருக்கு, மண் மரத்துக்கு. உயிர்களிடமிருந்து வெளியே போகும் அம்புக்குறிதான் வருவதில்லை. அதற்கு உங்கள் கொட்டாஞ்சேனையிலேயே பாடம் இருக்கிறது. பழைய கட்டடச் சுவர்களில் காகம் போட்ட விதையில் முளைத்த அரசமரக் கன்றைக் காட்டுங்கள். வேர் சுவரைப் பிளக்கிறது. பிளவுக்குள் மழைத் தண்ணீர் இறங்குகிறது. இலை அந்தத் தண்ணீரைத் திரும்பக் காற்றுக்கு விடுகிறது. ஒரு கன்றில் மூன்று அம்புக்குறிகள்.

ஆனால் பாடத்தைத் தொடங்க ஒரு பொருளைச் சொல்லச் சொன்னால் நான் மணலைத்தான் சொல்வேன். காக்கைதீவுக் கடற்கரை உங்களுக்குப் பக்கம், களனி கடலில் சேரும் இடத்தை ஒட்டியது. ஆளுக்கு ஒரு யோகட் கப்பில் மணல் கொண்டுவரச் சொல்லுங்கள். வெள்ளைத் தாளில் பரப்பி ஒரு காந்தத்தை மேலே பிடித்தால் கறுப்புத் துகள்கள் சில ஒட்டிக்கொண்டு வரும். இரும்பு கலந்த கனிமங்கள் அவை. சிப்பித் துண்டு கிடந்தால் தனியே எடுத்து நொறுக்கி, தேசிக்காய்ப் புளியை விடுங்கள். குமிழ் வரும். அந்தக் குமிழில் இருப்பது காபனீரொட்சைட்டு. தண்ணீரில் கரைந்திருந்த காபனை ஒரு உயிர் ஓடாகக் கட்டியது, உங்கள் பிள்ளை அதைக் காற்றுக்குத் திருப்பி அனுப்புகிறாள். மீதியில் கண்ணாடி போலத் தெரியும் மணிகள் படிகக்கல். அவை மலைநாட்டிலிருந்து வந்தவை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள், ஏனென்றால் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. களனி சிவனொளிபாத மலைப் பக்கம் தொடங்கிச் சுமார் 145 கிலோமீற்றர் ஓடி வருகிறது. கொழும்பில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. மேலே வட்டவளைப் பக்கம் அதைப்போல இரண்டு மடங்கு. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொண்டு வந்து மலையில் மோதி, மேலே ஏறிக் குளிர்ந்து, அங்கே கொட்டிவிடுகிறது. அந்த மழை பழைய பாறைக்குள் இறங்கிச் சில கனிமங்களைக் களிமண்ணாக்குகிறது. படிகக்கல் கரையாமல் மணலாக மிஞ்சுகிறது. ஆறு அதைச் சுமந்து வருகிறது. கடலில் சேர்ந்த பிறகு நீரோட்டம் அதைப் பெரும்பாலும் வடக்கே, நீர்கொழும்புப் பக்கம் கொண்டுபோகிறது. வெள்ளவத்தைக் கரையில் இருப்பதும் களனி மணல்தான் என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். தெற்கிலிருந்து வருகிற ஓட்டத்தைப் பார்த்தால் அதில் களு கங்கையின் பங்குதான் கூடுதலாக இருக்க வேண்டும்.

என் அம்மம்மா பழைய மஸ்கெலியாவில் பிறந்தவர். மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டியபோது அந்த ஊர் தண்ணீருக்குள் போனது. வறட்சிக் காலத்தில் பழைய கோயிலின் கற்கள் வெளியே தெரியும், ஊர் ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அங்கே தேங்குவதும் களனிக்குப் போக வேண்டிய தண்ணீர்தான். தண்ணீரோடு மணலும் அங்கே தங்கிவிடுகிறது. மலைநாட்டில் சொந்தக்காரர் உள்ள பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்கு ஆற்றின் மேல்பக்கம் தெரியும், மற்றவர்களுக்கு வாய்ப்பக்கம் தெரியும். அவர்களையே ஒருவருக்கொருவர் சொல்லவிடுங்கள்.

சரி, இப்போது மனிதர் வருகிறோம். கொழும்பும் சுற்றுப்புறமும் வளர வளர, வீடு கட்ட ஆற்று மணல் தேவைப்பட்டது. களனியிலிருந்து பல ஆண்டுகள் மணல் அள்ளினோம். ஆறு கொண்டுவருவதைவிட நாம் எடுத்தது கூட. ஆற்றின் அடி தாழ்ந்து, கீழ்ப்பகுதியில் கடல் மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. மழை குறைந்த மாதங்களில் ஆற்றின் வேகம் தளரும்போது, கடல்நீர் அடியால் உள்ளே ஏறத் தொடங்கியது. கொழும்புக்குக் குடிதண்ணீர் எடுக்கும் அம்பத்தளை, கடலிலிருந்து ஆற்று வழியே 10 கிலோமீற்றருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. அங்கேயே உப்பு வந்து, அதை மறிக்க ஆற்றுக்குக் குறுக்கே தடுப்புப் போட வேண்டியதாயிற்று. இன்னொரு பக்கம், வடக்கே கரைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய மணல் போகாததால் கடல் கரையை அரித்தது.

இதைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். மழை பாறையைத் தளர்த்துகிறது, ஆறு மணலைச் சுமக்கிறது, மனிதர் அள்ளுகிறார், அடி தாழ்கிறது, கடல்நீர் ஏறுகிறது, குழாய்த் தண்ணீர் கரிக்கிறது. ஆறு வினைச்சொற்கள். கடைசிச் சொல் பிள்ளைகளின் நாக்கில் வந்து முடிகிறது. இதில் யாரையும் குற்றவாளியாக்க வேண்டாம். நம் எல்லார் வீட்டுச் சுவரிலும் ஏதோ ஓர் ஆற்றின் மணல் இருக்கிறது, அது பிள்ளைகளுக்குத் தெரிந்தால் போதும்.

கடல்நீர் அடியால் ஏறுகிறது என்றால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். என் பேத்தியும் நம்பவில்லை. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது, அதனால் அது கனம். ஒரு கிளாஸில் நல்ல தண்ணீரை எடுங்கள். வேறொரு கோப்பையில் உப்புத் தண்ணீரைக் கேசரிப் பவுடரால் நிறமாக்குங்கள். அதை ஒரு ஸ்ட்ரோ வழியே கிளாஸின் அடிக்கு மெதுவாக விடுங்கள். கலங்காமல் கீழே படியும். கிளாஸை இலேசாகச் சரித்தால் நிறத் தண்ணீர் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் நகரும். அம்பத்தளையை நோக்கி ஏறுவது அந்த ஆப்புத்தான்.

அடுத்தது காலம். பாடப்புத்தகப் படத்தில் எல்லா அம்புக்குறியும் ஒரே நீளம். உண்மையில் பாறை மணலாக எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் போகின்றன. லொறியில் ஏற்ற அரை மணித்தியாலம் போதும். பிள்ளைகளிடம் ஒவ்வொரு அம்புக்குறியின் கீழும் 'நிமிடம்', 'நாள்', 'வருடம்', 'ஆயிரம் வருடம்' என்று ஏதாவது ஒன்றை எழுதச் சொல்லுங்கள். பிழையாக எழுதினாலும் பரவாயில்லை. எழுத வேண்டும் என்ற கட்டாயம் வந்ததும்தான் அவர்கள் வாதாடத் தொடங்குகிறார்கள்.

இனி வெள்ளம். இதில் உங்கள் தயக்கம் சரியானது, அதைக் கைவிடாதீர்கள். ஒரு பிள்ளையின் வீட்டுக்குள் வந்த தண்ணீரை வகுப்பில் நாமாக உதாரணமாக்கக் கூடாது. 'உன் வீட்டில் என்ன நடந்தது, சொல்லு' என்று எழுப்பி நிறுத்தவும் கூடாது. அதற்காக மூடி மறைக்கவும் வேண்டாம், அவர்கள் அதை நினைத்துக்கொண்டுதான் வகுப்பில் இருக்கிறார்கள். நான் என்றால் மணலில் தொடங்கி, உப்பைத் தாண்டி, கடைசியில் வெள்ளத்துக்கு வருவேன். அதுவும் வீடுகளை விட்டு, ஆற்றின் எண்களோடு.

நீர்ப்பாசனத் திணைக்களம் களனியின் மட்டத்தை நோர்வுட், கித்துல்கல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல, நாகலகம் வீதி என்று மேலிருந்து கீழாகப் பல இடங்களில் அளந்து வெளியிடுகிறது. கடைசி அளவுகோல் உங்கள் பாடசாலையிலிருந்து கொஞ்சத் தூரம்தான். ஒரு மழை நாளின் அளவுகளை எடுத்து, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல, நாகலகம் வீதி மூன்றுக்கும் ஒரே தாளில் வரைபு கீறச் சொல்லுங்கள். மூன்று மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவது தெரியும். டித்வாவின்போது மழை குறைந்த பிறகும் கொழும்புப் பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது ஏன் என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். அந்தத் தாள் அதற்குப் பதில் சொல்லும். மேலே பெய்தது கீழே வர நேரம் எடுக்கிறது. கீழே நிலம் தட்டை, தண்ணீர் கடலுக்குப் போகவும் நேரம் எடுக்கிறது.

மலையில் நடந்ததையும் அதே வினைச்சொற்களால் சொல்லலாம். மண் ஊறுகிறது, கனக்கிறது, துகள்களுக்கு இடையில் தண்ணீர் நிறைந்து பிடிப்பு விடுகிறது, சரிகிறது. காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் என்று 19ஆம் நூற்றாண்டில் வெட்டிய காட்டின் ஆழமான வேர்கள் அந்தச் சரிவுகளில் இருந்திருந்தால் எவ்வளவு பிடித்திருக்கும் என்ற கேள்வியைப் பதில் சொல்லாமல் வகுப்பில் விட்டுவிடுங்கள். சொந்தக்காரரை இழந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் இந்தப் பகுதியை எடுக்க வேண்டாம், அடுத்த வருடம் எடுக்கலாம்.

தானாகப் பேச வருகிற பிள்ளையைப் பேசவிடுங்கள். தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்தது, சுவரில் எவ்வளவு உயரத்துக்குச் சேறு ஒட்டியது என்று அவள் சொல்லும்போது, அது பாடம் என்று நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை.

பரீட்சையைப் பற்றி நீங்கள் எழுதாவிட்டாலும் அது மனதில் இருக்கும். வரைவிலக்கணங்களைக் கடைசி ஒரு பாடவேளையில் எழுதிக் கொடுங்கள். மணலையும் உப்பையும் கண்ட பிள்ளைக்கு 'நீர்க்கோளம்' என்ற சொல் நாற்பது நிமிடத்தில் பிடிபடும்.

காக்கைதீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதென்றால் மே மாதத்துக்கு முன்னால் போய்விடுங்கள். அதற்குப் பிறகு கடல் கொந்தளிக்கும், கரையும் ஒடுங்கிவிடும். முடிந்தால் அதே இடத்துக்கு ஓகஸ்ட்டில் நீங்கள் மட்டும் ஒருமுறை போய், ஒரு கப் மணலும் ஒரு படமும் எடுத்து வாருங்கள். இரண்டு கப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முகத்துவாரத்தைப் பற்றிக் கேட்ட அந்தப் பிள்ளையை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.