குற்றாலத்தில் சாரல் விழும்போது கிளம்புங்கள்

கேள்வி: என் வீட்டுக்காரர் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றார். பென்ஷன் வருகிறது. கைக்கு வந்ததில் 20 லட்சத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருக்கிறோம். கல்யாணமாகி 35 வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயும் போனதில்லை. திருச்செந்தூருக்குக்கூட வேன் நிறைய ஆட்களோடுதான். மகள் மாலத்தீவில் 'அடல்ட்ஸ் ஒன்லி, ஆல் இன்க்ளூசிவ்' ரிசார்ட் ஒன்று பார்த்திருக்கிறாள். நாலு ராத்திரிக்கு இருவருக்கும் 3,80,000 ரூபாயாம். டெபாசிட்டிலிருந்து எடுக்கலாமா, கிரெடிட் கார்டில் தவணை போடலாமா? பேரனையும் கூட்டிப்போக ஆசை. இவரோ 'அடல்ட்ஸ் ஒன்லி' என்றதுமே முகத்தைச் சுளிக்கிறார். நாங்கள் சுத்த சைவம்.
- பாளையங்கோட்டை வாசகி

பதில்: முதலில் சாருடைய சுளிப்பைத் தீர்த்துவிடுகிறேன். அது 'ஏ' சர்டிபிகேட் சமாச்சாரம் இல்லை. சின்னப் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள், அவ்வளவுதான். பெரும்பாலும் 18 வயது ஆகியிருக்க வேண்டும். அதனால் பேரனுக்கு இடமில்லை. 35 வருஷம் கழித்து இரண்டு பேராகப் போகிறீர்கள், அவன் நாலு நாள் அம்மாவோடு இருக்கட்டும்.

போய்விட்டு வாருங்கள். ஆனால் இந்த பேக்கேஜில் வேண்டாம், அந்த டெபாசிட்டையும் தொட வேண்டாம்.

'ஆல் இன்க்ளூசிவ்' என்றால் சாப்பாடு, பானம் எல்லாம் வாடகையிலேயே அடக்கம். அதில் விலையை ஏற்றிவிடுவது மது. மாலத்தீவுக்குள் வெளியிலிருந்து பாட்டில் கொண்டுபோகத் தடை. ரிசார்ட் வைத்ததுதான் விலை. குடிக்கிறவருக்கு இந்த பேக்கேஜ் லாபம். நீங்கள் இருவரும் மோரும் இளநீரும் குடிக்கிறவர்கள். பக்கத்து மேஜைக்காரர் குடிப்பதற்கு நீங்கள் ஏன் மொய் எழுத வேண்டும்? காலை, இரவுச் சாப்பாடு மட்டும் சேர்ந்த 'ஹாஃப் போர்டு' எவ்வளவு என்று கேளுங்கள். சைவம் என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் 10% சேவைக் கட்டணமும் 17% வரியும் இனிமேல்தான் சேரும். நூறு ரூபாய் 128-ஐத் தாண்டிவிடும். அதுபோக ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர் பசுமை வரி, உங்கள் இருவருக்கும் நாலு நாளைக்கு 96 டாலர். மாலே விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போகும் படகுக் கூலியும் பல பேக்கேஜ்களில் தனி.

சரி, பணம். மூத்த குடிமக்கள் திட்டத்தில் கொஞ்சம் மட்டும் எடுக்க வழியில்லை, கணக்கையே முடிக்க வேண்டும். ஒரு வருஷம் தாண்டி இரண்டு வருஷத்துக்குள் முடித்தால் 1.5% பிடிப்பார்கள். உங்களுக்கு 30,000 ரூபாய் வீண். ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்றால் வட்டியே கிடையாது. கார்டுத் தவணையை மறந்துவிடுங்கள். பென்ஷன்காரர் உல்லாசப் பயணத்துக்குக் கடன் வாங்குவதை நான் எப்போதும் தடுப்பேன்.

வட்டி 8.2% என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்களுக்கு 41,000 வருகிறது. வீட்டுச் செலவு பென்ஷனில் ஓடுகிறதென்றால், அந்த வட்டியைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். ஐந்து தடவையில் 2,05,000 சேர்ந்துவிடும். வருஷ வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் டிடிஎஸ் என்று வட்டியிலேயே வரியை முன்கூட்டிப் பிடிப்பார்கள். கட்டவேண்டிய வரி ஒன்றுமில்லை என்றால், பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் படிவத்தைத் தபால் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். டூர் கம்பெனி பேக்கேஜ் விலையோடு சேர்த்து வாங்கும் டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரியும், வருமான வரிக் கணக்கில் காட்டினால் கட்டவேண்டிய வரியில் கழியும் அல்லது திரும்பி வரும். பில் சாருடைய பான் எண்ணில் இருக்கட்டும்.

இரண்டு லட்சத்துக்குள் அடங்க வேண்டுமென்றால் காலத்தை மாற்றுங்கள். குற்றாலத்தில் சாரல் கொட்டவைக்கும் அதே தென்மேற்குக் காற்றுதான் மாலத்தீவிலும் மழை கொடுக்கிறது. அதனால் மே முதல் அக்டோபர் வரை அங்கே வாடகை இறங்கும். கடல் கொஞ்சம் ஆட்டும், நாளில் பாதி மழையாகவும் போகலாம். ஐந்தருவியில் நனைந்தவர்களுக்கு அது ஒரு குறையா என்ன? நவம்பருக்கு மேல் வெயில் நிச்சயம், விலையும் நிச்சயம்.

பயணக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். அப்புறம், ரிசார்ட்டுக்குக் கடல் விமானத்தில்தான் போக வேண்டுமென்றால், அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் மாலேயில் இறங்கினால் அன்றிரவு அங்கேயே தனியாக அறை எடுக்க வேண்டியிருக்கும். டிக்கெட் போடுகிற மகளிடம் இதைச் சொல்லிவையுங்கள்.