கிராமத்து மக்கள் ஏன் நகரத்துக்குப் போகிறார்கள்? போன பிறகு ஊர் என்ன ஆகிறது?

ராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. 2003இல் அங்கிருந்து திருப்பூருக்கு வந்தோம். எனக்கு உள்ளும் புறமும் தெரிந்த இடப்பெயர்வு இது ஒன்றுதான், அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். எங்கள் வீட்டில் யாரும் "ஊரை விட்டுப் போறோம்" என்று முடிவெடுக்கவே இல்லை. சித்திரையில் கிளம்பும்போது அப்பா அப்பத்தாவிடம் சொன்னது இதுதான்: "ஆறு மாசந்தான் ஆத்தா. புரட்டாசியில புழுதி விதைப்புக்கு வந்துருவேன்." பொய் இல்லை. சொன்னபடி புரட்டாசியில் வந்தார், விதைத்தார், மழைக்காகக் காத்திருந்தார். அந்த வருஷமும் எங்கள் பக்கம் மழை ஏமாற்றிவிட்டது. மார்கழியில் திரும்பப் போனபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அஞ்சாவது முடிகிறவரை அப்பத்தாவோடு ஊரிலேயே இருந்தேன்.

எங்கள் மண் மானாவாரி மண். கண்மாய்க்குக் கீழே நெல், மேட்டுக்காட்டில் குண்டு மிளகாயும் பருத்தியும். மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில்தான் விழும். அது தவறினால் அந்த வருஷமே போச்சு. ஒரு வருஷம் தவறினால் தாங்கலாம், ஆடு மாட்டை விற்கலாம். 2002லும் 2003லும் அடுத்தடுத்துத் தவறியது. விதைக்கும் உழவுக்கும் கடன் கொடுத்தவர் வத்தல் கமிஷன் கடைக்காரர். வத்தலை அவர் கடையில்தான் போட வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். முதல் வருஷக் கடனை அடைக்க வத்தல் இல்லை. இரண்டாம் வருஷக் கடனுக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது.

"நகரத்து மோகம்" என்று சிலர் எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு அந்தத் தோடுதான் ஞாபகம் வரும். அம்மா காதில் வேப்பங்குச்சி சொருகிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஏன் திருப்பூர்? பக்கத்தில் மதுரை இருக்கிறதே என்று கேட்கலாம். அப்பாவின் அத்தை மகன் அங்கே பனியன் கம்பெனியில் டைலராக இருந்தார், அவ்வளவுதான் காரணம். தங்க அவர் ரூம் இருந்தது, சூப்பர்வைசரிடம் அவர் சொன்னால் வேலை கிடைக்கும். எங்கள் ஊரில் போன எல்லாருமே இப்படி ஒருவர் கையைப் பிடித்து ஒருவர் போனவர்கள்தான். பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் சென்னையில் பலசரக்குக் கடை வேலைக்குப் போனார்கள், அவர்களில் முதலில் போனவர் சென்னைக்குப் போனதால்.

வந்த நேரமும் அப்படி அமைந்தது. எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று ஜவுளி ஏற்றுமதிக்கு உலக அளவில் அளவு வைத்திருந்த கோட்டா முறை 2005 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது. அதை எதிர்பார்த்து கம்பெனிகள் மெஷின் மேல் மெஷினாகப் போட்டுக்கொண்டிருந்தன, ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்த காலம். அம்மாவுக்கு வந்து இறங்கிய மூன்றாம் நாளே கைமடிக்கும் வேலை, அதாவது டைலருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிற உதவியாள் வேலை, கிடைத்தது. காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை வரை, அதை ஒன்றரை ஷிப்ட் என்பார்கள். சனிக்கிழமை ராத்திரி கையில் காசு. ஊரில் களை எடுத்தால் வாரத்துக்கு ரெண்டு நாளோ மூணு நாளோ வேலை, கூலி எப்போது வரும் என்பதும் தெரியாது. இங்கே சனிக்கிழமை என்றால் சனிக்கிழமை. அம்மா இதைத்தான் இன்றைக்கும் சொல்வார்.

2001க்கும் 2011க்கும் நடுவில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. இப்போதைய திருப்பூர் மாவட்டப் பகுதியில் 29 சதவீதம் கூடியது. அந்த வித்தியாசத்துக்குள்ளேதான் நாங்கள் இருக்கிறோம். மாநிலம் முழுக்கப் பார்த்தால் 1961இல் நூற்றுக்கு 27 பேர்தான் நகரவாசிகள், 2011இல் 48 பேர்.

காரணங்களைக் கேட்டால் எல்லாரும் மழை, கடன், வேலை என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அது முதலில் போகிற பத்து வீட்டுக்குச் சரி. அதற்கப்புறம் போன ஐம்பது வீட்டுக்கு வேறு காரணம் இருக்கிறது. அவர்கள் போனது, முதல் பத்து வீடு போனதால். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் பேசுவதில்லை.

விவசாயம் தனி ஆள் செய்கிற காரியமில்லை, எங்கள் மாதிரி கண்மாய்ப் பாசன ஊரில் நிச்சயமாக இல்லை. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலை ஆடியில் வெட்டித் தூர் எடுக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். நாங்கள் போன பிறகு எங்கள் வீட்டு ஆள் இல்லை. அடுத்த வருஷம் இன்னும் ஆறு வீட்டு ஆள் இல்லை. மிச்சமிருந்தவர்கள் வெட்டிப் பார்த்தார்கள், முடியவில்லை, கால்வாய் மேடாகிவிட்டது. மழை நன்றாகப் பெய்த வருஷத்திலும் தண்ணீர் கண்மாய்க்கு வராமல் வேறெங்கோ போனது. மடை திறந்து எந்த வயலுக்கு எவ்வளவு என்று பார்த்து விடுகிற நீர்ப்பாய்ச்சிக்கு அறுவடைக் களத்தில் கூலியாக நெல் அளப்பார்கள். அளக்க நெல் இல்லாததால் அவரும் சிவகாசிக்கு வேலைக்குப் போய்விட்டார்.

தரிசாகக் கிடந்த காட்டில் சீமைக்கருவேல் ஏறியது. அந்த மரத்துக்கு ஆள் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். சில வருஷத்துக்கு ஒரு தடவை கரி மூட்டம் போடுகிறவர் வந்து மரத்துக்கு விலை பேசி வெட்டிக்கொண்டு போவார். வெளியூரில் இருக்கிற நிலத்துக்காரருக்கு அது சும்மா வருகிற காசு, அதனால் அவரும் அழிக்க மாட்டார். அந்தப் புதருக்குள் காட்டுப்பன்றி குடியேறியது.

எங்கள் காட்டுக்கு அடுத்த காட்டுக்காரர் ஒருவர், எனக்கு மாமா முறை, 2014 வரை விடாமல் விதைத்தார். அவர் சொன்ன கணக்கு என் மனதில் அப்படியே இருக்கிறது. "அறுபது ஏக்கர்ல வெள்ளாமை இருந்தா பன்னி தின்னது தெரியாது ஆத்தா. ஆளுக்கு ரெண்டு பாத்தி போகும், அவ்வளவுதான். இப்ப நான் ஒருத்தன் மூணு ஏக்கர் போட்டுருக்கேன். ஊர்ப்பன்னி பூராம் எங்காட்டுலதான் பந்தி." கிளியும் மயிலும் அப்படித்தான். முன்பு ஆளுக்கு ஒரு பக்கம் நின்று சத்தம் போட்டால் போதும், இப்போது அவர் ஒருவரே நாலு பக்கமும் நிற்க வேண்டும். கடைசியில் அவரும் மகனோடு கோவைக்குப் போய்விட்டார். அவருக்குக் கடன் இல்லை, அந்த வருஷம் மழையும் தவறவில்லை. அவர் போனதற்குக் காரணம் நாங்கள் போனது. இதை அப்பாவிடம் ஒருமுறை சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்புறம் தோன்றியது.

நூறு நாள் வேலைத் திட்டம் 2008க்குள் எல்லா மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. நல்ல திட்டம், அப்பத்தாவின் கடைசிக் காலத்தில் வெற்றிலைக்கும் மருந்துக்கும் யாரிடமும் கைநீட்டாமல் இருந்தது அந்தக் காசால்தான். ஆனால் அது வந்தபோது எங்கள் ஊரில் மண்வெட்டி பிடிக்க மிஞ்சியிருந்தவர்கள் பெரும்பாலும் அறுபது தாண்டிய பெண்கள். நான் படித்த ஆரம்பப் பள்ளியில் என் வகுப்பில் மட்டும் பதினாலு பேர் இருந்தோம். போன வருஷம் போனபோது பள்ளிக்கூடம் மொத்தமுமே ஒன்பது பிள்ளைகள்.

இனி நகரத்துப் பக்கம். எங்கள் முதல் வீடு லைன் வீடு. பத்துக்குப் பத்து அறை, அதற்குள்ளேயே அடுப்பு. பதினோரு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ். உப்புத் தண்ணீர் தினமும் வரும், நல்ல தண்ணீர் ஒரு வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தால் ரெண்டு மணிக்கு எழுந்து பிடிக்க வேண்டும். அடுத்த நாள் எட்டரைக்கு ஷிப்ட். நான் வீட்டுப்பாடம் எழுதியது வாசல்படியில், தெருவிளக்கு வெளிச்சத்தில். உள்ளே அப்பா நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார்.

2011 ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடினார்கள். துணிக்குச் சாயம் போட வழியில்லாமல் கம்பெனிகளுக்கு வேலை குறைந்தது. அப்பாவுக்கு வாரத்துக்கு மூணு ஷிப்ட்கூட இல்லை. எல்லாரும் நீதிமன்றத்தைத் திட்டினோம், நானும்தான். அப்புறம் கல்லூரியில் படிக்கும்போது நொய்யல் ஆற்றைப் பற்றி ஒரு புராஜெக்ட் செய்யப் போய் ஒரத்துப்பாளையம் அணைக்கட்டைப் பார்த்தேன். பாசனத்துக்குக் கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழே இருந்த கிணறெல்லாம் உப்பாகி, அந்தப் பக்கத்து விவசாயிகள் வருஷக்கணக்கில் வழக்கு நடத்தியிருக்கிறார்கள். ஒரு பெரியவர் தென்னை இல்லாத தன் தோப்பைக் காட்டி, "என் பையனும் பனியன் கம்பெனிக்குத்தாம்மா போறான்" என்றார். தண்ணீர் இல்லாமல் காட்டை விட்டு வந்த எங்களுக்குச் சோறு போட்ட தொழில், இன்னொருவர் கிணற்றைக் கெடுத்து அவர் மகனையும் அதே வேலைக்கு அனுப்பியிருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் பேசாமல் இருந்தேன்.

இத்தனையும் சொல்லிவிட்டு, போனது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அம்மா இருக்கும் வீட்டில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. கைமடித்தவர் செக்கிங்குக்கு வந்து, பிறகு பவர் டேபிளில் உட்கார்ந்து ஓவர்லாக் ஓட்டக் கற்றுக்கொண்டார். தன் பெயரில் பேங்க் பாஸ்புக் வைத்திருக்கிற முதல் பெண் எங்கள் குடும்பத்தில் அவர்தான். அந்தத் தோட்டை மீட்டது அவர் சம்பளம். என்னைப் படிக்க வைத்ததும், பதினெட்டில் கட்டிக் கொடுக்கச் சொன்ன சொந்தக்காரர்களிடம் "எம்மகளுக்கு நான் சம்பாதிக்கிறேன்" என்று சொன்னதும் அவர்தான். ஊரில் இருந்திருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க முடியாது.

எங்கள் ஊர்க் காலனியிலிருந்து வந்த ஓர் அண்ணன் இப்போது இருபது மெஷின் போட்டு ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார். ஒரு தீபாவளி நேரம் அவரிடம், "ஊர் நினைப்பு வருமா அண்ணே?" என்று கேட்டேன். "எதுக்கு வரணும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். அவர் அப்பா எங்கள் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததை நானும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். திருப்பூரிலும் வீடு வாடகைக்குக் கேட்டால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் எழுந்திருக்கச் சொல்வதில்லை. கிராமம் வெறுமையாகிறதே என்று வருத்தப்படுகிற நான், அவருக்கு அந்தக் கிராமம் என்னவாக இருந்தது என்பதை மறந்துவிட்டு எழுதக்கூடாது.

நாங்கள் இருந்த அந்த லைன் வீட்டில் இப்போது பெரும்பாலும் வடநாட்டுக் குடும்பங்கள். எங்கள் பழைய அறையில் பீகார் சுபோல் பக்கத்து ஆட்கள். கோசி ஆற்று வெள்ளம் நிலத்தை மணலாக்கிவிட்டுப் போகுமாம். நாங்கள் மழை இல்லாமல் வந்தோம், அவர்கள் மழை அதிகமாகி வந்திருக்கிறார்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது அந்த அறையில் இருந்த பெண் துணிமணியை மூட்டை கட்டிவிட்டாள். அம்மா போய் அவளுக்குத் தெரிந்த பாதி தமிழில், தனக்குத் தெரிந்த பாதி இந்தியில் பேசி, ரெண்டு ராத்திரி எங்கள் வீட்டில் படுக்க வைத்தார். "நாம வந்தப்ப நம்மளயும் தெக்கத்தி ஆளுகன்னு ஒரு மாதிரிதான் பாத்தாக" என்றார் என்னிடம்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தது. எங்கள் நான்கு பேரில் என் பெயரும் தம்பி பெயரும் மட்டும் திருப்பூர்ப் பட்டியலில் இருந்தன. அப்பா, அம்மா பெயர் இன்னும் ஊரில். ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்து, ஃபாரம் வந்திருக்கிறது, வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார். இருபத்திரண்டு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி அது. நீங்கள் எந்த ஊர்?

"எனக்கு இங்கயே மாத்திரு" என்றார் அம்மா, யோசிக்காமல். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "கொரோனா வந்தப்ப எங்க போனோம்? ஊருன்னு ஒண்ணு இருந்துச்சு, அப்பத்தா கட்டுன வீடு இருந்துச்சு, ரெண்டு மாசம் உக்காந்து சாப்பிட்டோம். நாளைக்கு ஒண்ணுன்னா இந்த ஹவுஸ் ஓனரா வச்சுக் காப்பாத்துவாரு?" அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதில் ஆகஸ்டிலிருந்தே ஆர்டர் குறைந்து, அப்பா பயந்துபோயிருந்தார். அம்மா, "நல்லது பொல்லதுக்கு நான் ஓடிப்போய் நிக்கிற ஆஸ்பத்திரி இங்கதான் இருக்கு" என்றார். ரெண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது.

அப்பா தனியாக ராத்திரி பஸ் ஏறி ஊருக்குப் போனார். ஒரே நாள் வேலை, நாலு நாள் தங்கிவிட்டார். மூன்றாம் நாள் சாயந்திரம் போன் செய்தார். ஓர் ஆளைக் கூலிக்குப் பிடித்து எங்கள் காட்டின் ஓரத்துச் சீமைக்கருவேலை வெட்டியிருக்கிறார். முந்தின நாள்தான் நல்ல மழையாம்.

"வரப்புத் தெரியுதுத்தா" என்றார்.

அம்மா போனை வாங்கி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.