ஒற்றைப்படை ஸ்டுடியோ, இரட்டைப்படை மேடை

கே: பிரிட்டிஷ் ஃபோக்-ராக் குழு ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் '50:50@50' ஆல்பத்தை இருமுறை கேட்டும் மனதில் ஒட்டவில்லை. ஒரு பாட்டு அமைதியாக முடிகிறது, அடுத்தது கைதட்டலோடு வருகிறது. எப்படித்தான் கேட்பது?

ப: குறை உங்கள் காதில் இல்லை, அடுக்கில் இருக்கிறது. 1967-ல் லண்டனில் தொடங்கிய குழு, தன் ஐம்பதாம் ஆண்டான 2017-ல் வெளியிட்டது இது. மொத்தம் 14 பாடல். ஒற்றைப்படை எண்கள் புதிய ஸ்டுடியோ பதிவு. இரட்டைப்படை எண்கள் மேடைப் பதிவு. பாதிக்குப் பாதி, ஐம்பதாம் ஆண்டில் என்று பெயர் வைத்த கணக்கு அழகுதான், ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் அறையின் ஒலி மாறுவதால் காது நிலைகொள்வதில்லை.

2, 4, 6, 8, 10, 12, 14 ஆகிய ஏழையும் தனி பிளேலிஸ்ட்டாகப் போட்டு முதலில் கேளுங்கள். ஷஃபிள் வேண்டாம். இவற்றில் பல, பழைய ஆல்பங்களில் வந்து மேடையில் பழுத்தவை. 12-வதான 'லார்ட் மார்ல்பரோ' 1971-ன் 'ஏஞ்சல் டிலைட்' ஆல்பத்தில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்: அன்று டேவ் ஸ்வார்ப்ரிக்கின் வயலின், இன்று ரிக் சாண்டர்ஸும் கிறிஸ் லெஸ்லியும்.

8-வது 'மெர்சி பே'யைக் கதை தெரியாமல் கேட்டால் பாதிதான் கிடைக்கும். வடதுருவக் கடலில் காணாமல் போன ஆய்வுப் பயணி ஜான் ஃபிராங்க்லினின் குழுவைத் தேடிப் போன 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பல் 1851-ல் மெர்சி விரிகுடாவில் உறைபனியில் சிக்கி, 1853-ல் கைவிடப்பட்டது. 2010-ல்தான் கடலடியில் அதைக் கண்டுபிடித்தார்கள்.

ஸ்டுடியோ பாதியில் என் ஓட்டு 11-வதான 'தி லேடி ஆஃப் கார்லைல்' பாட்டுக்கு. பென்டாங்கிள் குழுவின் ஜாக்கி மெக்‌ஷீ பாடுகிறார். சிங்கக் குகைக்குள் விசிறியை எறிந்து, எடுத்து வருபவனுக்கே மணமாலை என்கிற பெண்ணின் பழங்கதை. 9-வது, குழுவே தன் பேருந்துப் பயணத்தைப் பாடுவது. பழைய ரசிகர்களுக்கு இனிக்கும், புதியவர்கள் தாண்டிப் போகலாம்.

கே: லெட் செப்பெலின் ராக் குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட் இதில் எப்படி வந்தார்?

ப: பழைய உறவு. முன்னாள் ஃபேர்போர்ட் பாடகி சாண்டி டென்னி, 1971-ல் லெட் செப்பெலின் ஆல்பத்தில் பிளான்ட்டோடு சேர்ந்து பாடியவர். ஃபேர்போர்ட்டில் பேஸ் கிட்டார் வாசிக்கும் டேவ் பெக்கும் இளவயதில் பர்மிங்ஹாமில் லெட் செப்பெலின் டிரம்மர் ஜான் பான்ஹமோடு ஒரே குழுவில் இருந்தவர். 6-வது பாட்டில் பிளான்ட்டைக் கேட்கலாம்.

கே: 1967-ல் இருந்தவர்கள் யாராவது மிச்சமா?

ப: சைமன் நிக்கல் ஒருவர்தான். அவரும் எழுபதுகளில் சில ஆண்டுகள் விலகி இருந்தவர்.

கே: போனில் கேட்டால் வயலின் மட்டும் கீச்சென்று கேட்கிறது. பதிவே அப்படியா?

ப: இல்லை. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 முறை, அதிர்கிறது. போனின் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தள்ள முடியாது. வயலினின் அடித்தந்தியே 196 ஹெர்ட்ஸ், அதன் பெரும்பகுதி இன்னும் மேலே, அதனால் அது தப்பிவிடுகிறது. ஈக்வலைசரில் (ஒலியின் மேல், கீழ் சுரங்களைக் கூட்டிக் குறைக்கும் வசதி) பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, ஏற்றினால் ஸ்பீக்கர் கரகரக்குமே தவிர ஒலி வராது. காதை நன்றாக அடைக்கிற இயர்போன் போதும். அதன் ரப்பர் மொட்டு காதில் தளர்வாக இருந்தால் முதலில் ஒழுகிப் போவதும் பேஸ்தான். அளவு மாற்றிப் பாருங்கள்.