ஆலங்கட்டி மழையில் கார் முழுக்க ஒடுக்கு: இன்சூரன்ஸ் கிளெய்ம் போடலாமா?

கேள்வி: போன வாரம் பெய்த ஆலங்கட்டி மழையில் என் கார் முழுக்கச் சின்னச் சின்ன ஒடுக்கு விழுந்திருக்கிறது. முன்கண்ணாடியிலும் ஒரு கீறல். கிளெய்ம் போட்டால் என்சிபி (கிளெய்ம் போடாத வருடங்களுக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) போய்விடும், கைக்காசிலேயே செய்துகொள் என்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?

கிளெய்ம் போடுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வருவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. காரைக் கழுவித் துடைத்து, நாளைக் காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் திறந்த இடத்தில் நிறுத்துங்கள். பெயின்ட் கடையில் கிடைக்கும் பேப்பர் டேப் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு காரைச் சுற்றி மெதுவாக நடந்து, ஒவ்வொரு ஒடுக்குக்குப் பக்கத்திலும் ஒரு துண்டு ஒட்டுங்கள். உச்சி வெயிலில் பார்த்தபோது பத்து என்று நினைத்தது நாற்பதாக இருக்கும். இதை நான் கிளெய்ம் போட்ட பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

நான் ஓசூரில் இருக்கிறேன். சென்ற ஆண்டு மே மாதம், மாலை நான்கு மணி இருக்கும். எங்கள் அபார்ட்மென்டில் மூடிய பார்க்கிங் கிடையாது. இருபது நிமிடம் கல் விழுந்தது, பெரிய நெல்லிக்காய் அளவில். இந்தப் பக்கம் சித்திரை, வைகாசியில் ஆலங்கட்டி புதிதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். கீழே சமவெளியில் தரையைத் தொடுவதற்குள் பெரும்பாலும் கரைந்துவிடும் கட்டி இங்கே கட்டியாகவே வந்து விழுகிறது. அன்று ரோஜாத் தோட்டக்காரர்கள் சிலருக்குப் பாலிஹவுஸ் கூரையே கிழிந்துபோனது. அவர்கள் இழப்புக்கு முன்னால் கார் ஒன்றுமே இல்லை. ஆனாலும் நான்கு வருடம் கடன் கட்டி வாங்கிய வண்டி. மழை விட்டதும் பானெட்டைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

முதலில் உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் இழப்புக்கு மட்டும்) என்றால் ஒரு ரூபாய்கூட வராது. நம் வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதி இருந்தால் ஆலங்கட்டி மழை அதில் பெயர் சொல்லியே இருக்கும். தீ, திருட்டு, வெள்ளம், புயல் என்று வரும் பட்டியலில் அதுவும் ஒன்று. இதற்கு எஃப்ஐஆர் தேவையில்லை. கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லி, கிளெய்ம் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள், அதனால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கல் விழுந்து கிடந்தபோது எடுத்த போட்டோ உங்களிடமோ பக்கத்து வீட்டாரிடமோ இருந்தால் வாங்கி வைக்கவும். நான் நாலைந்து கட்டிகளைப் பத்து ரூபாய் நாணயத்தோடு வைத்துப் படம் எடுத்திருந்தேன். பிற்பாடு அது ரொம்ப உதவியது.

சர்வே முடியும் வரை எதையும் சரிசெய்யாதீர்கள். கண்ணாடி உடைந்து தண்ணீர் உள்ளே போகும் நிலை என்றால் பாலிதீன் போட்டு மூடுங்கள். மேலும் சேதம் ஆகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்று பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. கீறல் மட்டும்தான் என்றால் குழியிலும் ஸ்பீட் பிரேக்கரிலும் ஏற்றாமல் வண்டியை ஓரமாக நிறுத்திவிடுவது நல்லது.

இப்போது என்சிபி. உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் அது பூஜ்யமாகும். ஆனால் அதன் மதிப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் பயப்பட வேண்டும். அந்தத் தள்ளுபடி ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான், தேர்ட் பார்ட்டி பகுதிக்குக் கிடையாது. கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு வரிசையாக 20, 25, 35, 45, 50 சதவீதம். என்னுடையது அப்போது 35-ல் இருந்தது. கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த வருடம் 45, அதன் பின் எப்போதும் 50. போட்டால் 0, 20, 25, 35, 45 என்று மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். வருடா வருடம் வித்தியாசம் 45, 30, 25, 15, 5. கூட்டினால் 120 சதவீதம். அதாவது ஐந்து வருடத்தில் நான் இழப்பது, தள்ளுபடிக்கு முந்தைய ஒரு வருட ஓன் டேமேஜ் பிரீமியத்தைப் போல ஒன்றே கால் மடங்குக்கும் கொஞ்சம் குறைவு. எனக்கு அந்தப் பிரீமியம் 7,000 ரூபாய். அப்படியானால் நஷ்டம் 8,400. வண்டிக்கு வயதாக ஆக ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு) குறையும், பிரீமியமும் பெரும்பாலும் குறையும் என்பதால் உண்மையில் இதைவிடக் கம்மிதான். ஒரு பானெட்டை மட்டும் டிங்கரிங் பார்த்து பெயின்ட் அடிக்கும் செலவு என்றால் நானும் கைக்காசில் செய்திருப்பேன். கண்ணாடியும் ஏழெட்டு பேனலும் என்றான பிறகு யோசிக்கவே இல்லை. கிளெய்ம் போட்டாலும் தள்ளுபடியைக் காக்கும் என்சிபி புரொடெக்ட் என்ற ஆட்-ஆன் (கூடுதல் பிரீமியம் கட்டி எடுப்பது) உங்கள் பாலிசியில் இருந்தால் பெரும்பாலும் இந்தக் கவலை வேண்டாம்.

சரி, சர்வேக்கு வருகிறேன். என் அனுபவத்தில் எல்லாமே இங்கேதான் முடிவாகிறது. 50,000 ரூபாய்க்குக் குறைந்த கிளெய்முக்கு உரிமம் பெற்ற சர்வேயர்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கம்பெனி தன் ஆளையே அனுப்பலாம், வீடியோ காலிலும் பார்த்து முடித்துவிடலாம். மோதி நசுங்கிய பம்பர் வீடியோவில் தெரியும். ஆலங்கட்டி ஒடுக்கு தெரியாது. ஒரு ரூபாய் நாணய அகலம், ஒரு மில்லிமீட்டர் ஆழம். கேமரா அதை விழுங்கிவிடும். எனக்கு அப்படித்தான் நடந்தது. சர்வீஸ் சென்டர் ஷெட்டுக்குள் வைத்து, டியூப் லைட் வெளிச்சத்தில், நான் இல்லாத நேரத்தில் வீடியோ சர்வே முடித்துவிட்டார்கள். பானெட், ரூஃப், கண்ணாடி மட்டும் அனுமதி. இடது பக்கக் கதவுகளுக்கும் ஃபெண்டருக்கும் ரூஃப் ஓரத்துக்கும் 'பழைய சேதம்' என்று எழுதிவிட்டார்கள். கல் மேலிருந்துதானே விழும், கதவில் எப்படி ஒடுக்கு வரும் என்று போனில் கேட்டார் ஒருவர். காற்றோடு வந்த மழை, இடது பக்கம் முழுக்க வாங்கியது என்று சொன்னேன். எடுபடவில்லை.

அன்று எனக்குக் கைகொடுத்தவர் எங்கள் தெருமுனையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். "தம்பி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டால்தான் ஒடுக்கு கண்ணுக்குச் சிக்கும்" என்று சொல்லி, மறுநாள் அதிகாலையில் அவரே சர்வீஸ் சென்டருக்கு வந்தார். டேப் ஒட்டும் முறையும் அவர் சொன்னதுதான். இடது பக்கத்தில் மட்டும் 23 ஒடுக்கு. அத்தனையும் ஒரே மாதிரி, வட்டமாக, பெயின்ட் உரியாமல், துரு இல்லாமல். பழைய ஒடுக்கு என்றால் நீளவாக்கில் கீறலோடு இருக்கும், ஓரத்தில் அழுக்கு ஏறியிருக்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பேனல் வாரியாகப் போட்டோ, எண்ணிக்கை, நாணயத்தோடு எடுத்த கல் போட்டோ, அன்றைய நாளிதழ்ச் செய்தி, எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பி மறு ஆய்வு கேட்டேன். வீடியோ வேண்டாம், நேரில் வாருங்கள், காலை எட்டு மணிக்குள் வாருங்கள் என்றும் எழுதினேன். மூன்றாம் நாள் வேறொருவர் வந்தார். பதினைந்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தார், எல்லாப் பேனலையும் சேர்த்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளெய்ம் படிவத்தில் காரணம் 'ஆலங்கட்டி மழை' என்று ஒன்றே ஒன்று இருக்கட்டும், தேதியும் நேரமும் ஒன்றே இருக்கட்டும். பழைய கீறல் ஒன்றையும் இதோடு சேர்த்துவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். அது நேர்மையில்லை என்பது ஒருபக்கம். அந்த ஒரு கீறலால் உண்மையான முப்பது ஒடுக்கும் சந்தேகத்துக்குள்ளாகும்.

என் பில் 45,250 ரூபாய் வந்தது. நான் கட்டியது 5,600. என்னிடம் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஆட்-ஆன்) இல்லை, அதனால் விவரமாகச் சொல்கிறேன். 1500 சிசி வரை உள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் (கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய தொகை) 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. ஒரு சம்பவத்துக்கு ஒருமுறைதான். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. ரப்பர், பிளாஸ்டிக் பொருட்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள மோல்டிங் அதில் வந்தது, எனக்கு 450. கண்ணாடி ஒட்டும் பசை 650, அது கன்ஸ்யூமபிள், அதாவது பயன்படுத்தினால் தீர்ந்துபோகும் பொருள், என்று முழுசாக என் தலையில். பெயின்டிங்கில்தான் பலருக்குக் குழப்பம். மொத்த பெயின்டிங் கட்டணத்தில் 25 சதவீதத்தைப் பொருள் செலவு என்று எடுத்து, அதில் பாதியைக் கழிக்க வேண்டும். என் பெயின்டிங் 28,000, அதில் கால் பங்கு 7,000, அதில் பாதி 3,500. முதலில் எனக்கு வந்த கணக்கில் மொத்த பெயின்டிங் தொகையிலும் பாதியைக் கழித்து 14,000 போட்டிருந்தார்கள். பாலிசி வாசகத்தைக் காட்டியதும் திருத்தினார்கள். உங்கள் கணக்குத் தாளில் இந்த வரியைக் கட்டாயம் பாருங்கள்.

பெயின்ட் அடிக்காமலே ஒடுக்கு எடுக்கும் முறை ஒன்று உண்டு, பிடிஆர் என்பார்கள். தகட்டின் உள்பக்கமாக வளைந்த கம்பியை விட்டு, கோடு போட்ட விளக்கின் பிரதிபலிப்பைப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாக உந்தி எடுப்பது. கம்பி நுழையாத இடத்தில் மேலே பசையால் ஒட்டி இழுப்பார்கள். ஆலங்கட்டி ஒடுக்குக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் கிடையாது என்பேன். கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்கும், பட்டி பூச்சு கிடையாது, விற்கும்போது பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் வைத்தாலும் மாட்டாது. பெயின்ட் வெடித்திருந்தால் மட்டும் சரிப்படாது. என் வண்டியில் பானெட்டில் பெயின்ட் தெறித்திருந்தது. மற்ற பேனல்களுக்கு இந்த வழி இருப்பது எனக்கு அப்போது தெரியாது. எங்கள் அபார்ட்மென்டில் இன்னொருவர் பெங்களூரில் போய் இப்படிச் செய்தார். முதலிலேயே கம்பெனிக்கு எஸ்டிமேட் அனுப்பி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டு, கைக்காசு கட்டிப் பிறகு பணம் பெற்றார். பெயின்டும் இல்லை, புதுப் பொருளும் இல்லை என்பதால் அவருக்குத் தேய்மானம் என்று எதுவும் கழியவில்லை. சர்வீஸ் சென்டர்க்காரர்கள் தாமாக இதைச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கம்பெனி பிடிவாதமாக மறுத்தால் முதலில் அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். அதோடு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது கம்பெனிக்கு வெளியே புகாரை விசாரிக்கும் அதிகாரி. தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். மறு ஆய்வுக் கடிதத்தில் இந்த வழியும் எனக்குத் தெரியும் என்று மரியாதையாக ஒரு வரி சேர்த்திருந்தேன். அதற்கு மேல் போக வேண்டியிருக்கவில்லை.

வண்டி தயார் என்று கூப்பிடும்போது மாலையில் போகாதீர்கள். காலையில் போய், வெளியே எடுத்து வைத்து, அதே சாய்ந்த வெயிலில் பார்த்த பிறகு திருப்திக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். பின்கதவில் பெயின்ட் நிறம் ஒரு சாயல் மாறியிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தேன். மறுபடி அடித்துக் கொடுத்தார்கள்.

உங்கள் காருக்கு எத்தனை வயது, ஜீரோ டெப் இருக்கிறதா, சர்வே முடிந்துவிட்டதா என்று கமென்டில் எழுதுங்கள். முடிந்து ஒன்றிரண்டு பேனல் விட்டுப்போயிருந்தாலும் பரவாயில்லை. வேலை தொடங்குவதற்கு முன் மறு ஆய்வு கேட்டுவிடுங்கள்.