பைண்டர் லேபில் கெமிஸ்ட்ரி இருக்கிறதா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் சென்னிமலை. எம்.எஸ்சி. பாலிமர் கெமிஸ்ட்ரி முடித்து, பெருந்துறைப் பக்கம், துணியில் நிறத்தை ஒட்டவைக்கும் பிரிண்டிங் பைண்டர் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ஒன்றரை வருடமாக லேபில் இருக்கிறேன். சாலிட்ஸ் (உலர்த்தினால் மிஞ்சும் திடப்பொருள்), விஸ்காசிட்டி (பாகுத்தன்மை), பி.எச். மூன்றையும் பார்த்து ரிப்போர்ட் எழுதினால் என் நாள் முடிந்தது. கூடப் படித்த இருவர் பி.எச்டி.க்கு ஜெர்மனி போய்விட்டார்கள். வீட்டில் "படிச்சது போதும் அம்மணி" என்கிறார்கள். நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கிய கதையைக் கேட்டே வளர்ந்தவள் நான். இந்தத் தொழிலில் இருப்பதே சரியா என்றும் தோன்றுகிறது. நான் செய்வது கெமிஸ்ட்ரிதானா? இருக்கட்டுமா, கிளம்பட்டுமா?

க.

அன்புள்ள க.,

ஒரு வருடம் இருங்கள், பிறகு கிளம்புங்கள். போகும்போது கையில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். அது உங்கள் லேபிலேயே கிடைக்கும்.

உங்களுக்குச் சலித்துப்போன அந்த மூன்று எண்களையே எடுத்துக்கொள்வோம். ஃபார்முலாப்படி சாலிட்ஸ் 45 சதவீதம் வர வேண்டிய பேட்ச் 43.5 காட்டுகிறது. தண்ணீர் கூடியிருக்கலாம், பாலிமர் கட்டிதட்டி ஃபில்டரில் நின்றிருக்கலாம், பாலிமராக மாற வேண்டிய மோனமர் வினைபுரியாமல் மிஞ்சியிருக்கலாம். ஃபில்டர் பையில் நின்ற கட்டியை உலர்த்தி எடை போட்டால் இரண்டாவது தெளிவாகிவிடும். அடுத்து 200 கிராம் சாம்பிளை மூடிய குடுவையில் 60 டிகிரியில் வைத்து, டெர்ஷியரி பியூட்டைல் ஹைட்ரோபெராக்சைடும் அஸ்கார்பிக் அமிலமும் சிறிதளவு சேர்த்து, அரை மணி நேரம் கலக்கிவிட்டு சாலிட்ஸ் பாருங்கள். சேர்த்ததன் எடையைக் கழித்த பிறகும் எண் ஏறினால் மோனமர் மிஞ்சியிருந்தது உறுதி. சாலிட்ஸ் அப்படியே இருக்க விஸ்காசிட்டி மட்டும் ஏறினால், துகள்கள் சிறுத்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும். முதல் சார்ஜில் (ரியாக்டரில் முதலில் போடும் சரக்கில்) சோப்பு கூடிப்போனால் அப்படித்தான் ஆகும்.

இனி, திருப்பூரிலிருந்து "ரப்பிங் நிக்கல" (தேய்த்தால் நிறம் போகிறது) என்று திரும்பி வரும் டிரம். "பைண்டரை இன்னும் ரெண்டு பர்சென்ட் கூட்டிப் போடுங்க" என்பதுதான் வழக்கமாகப் போகும் பதில். பிரிண்ட் விறைக்கும், காரணம் இருந்த இடத்திலேயே இருக்கும். நீங்கள் ஜெல் பாருங்கள், அதாவது சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து கரையாமல் நிற்கும் பகுதியை. அந்த டிரம்மிலிருந்து ஒன்று, அதே கிரேடில் குறை வராத, லேபில் எடுத்து வைத்த ரீட்டெயின் சாம்பிளிலிருந்து ஒன்று என்று டெஃப்லான் தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி, அறை வெப்பத்தில் இரண்டு நாள் உலரவிடுங்கள். இரண்டையும் பாதியாக வெட்டி, ஒரு பாதியை 150 டிகிரியில் 5 நிமிடம் வைத்து க்யூர் செய்யுங்கள் (சூட்டில் பிணையவிடுங்கள்). நான்கிலும் அரை அரை கிராம் எடுத்து, 50 மில்லி டொலுவீனில் ஒரு நாள் ஊறவைத்து, எடை தெரிந்த கம்பிவலையில் வடித்து, உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். இந்த வேலை முழுக்க, ஆவியை உறிஞ்சும் ஃபியூம் ஹுட்டுக்குள். கரையாமல் நின்றதுதான் ஜெல்.

க்யூர் செய்யாத பாதியிலும் ஜெல் கொஞ்சம் இருக்கும். பியூட்டைல் அக்ரிலேட் சங்கிலிகள் வினையின்போதே கிளைவிட்டு ஓரளவு ஜெல் கட்டிவிடும். அதனால்தான் ரீட்டெயின் சாம்பிள் பக்கத்தில் வேண்டும். க்யூருக்கு முன்பே ஜெல் ரீட்டெயினைவிட மிக அதிகம் என்றால், என்.எம்.ஏ. (என்-மெத்திலால் அக்ரிலமைடு, சூட்டில் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் மோனமர்) ரியாக்டரிலேயே கைகோத்துவிட்டது, பி.எச். இறங்கியதா, சூடு ஏறியதா என்று பேட்ச் ஷீட்டைப் பாருங்கள். க்யூர் செய்தும் ஜெல் ஏறவில்லை என்றால், என்.எம்.ஏ. குறைந்துபோனதா என்று தேடுங்கள். ரீட்டெயினைப் போலவே ஏறினால் உங்கள் பைண்டர் சரி, குறை பிரிண்டிங் யூனிட்டில்.

அங்கே போய்ப் பார்க்க வேண்டியவை உண்டு. க்யூரிங் மெஷின் காட்டும் 150 காற்றின் சூடு. துணி அவ்வளவு ஏறியதா என்பது துணியில் வெப்ப லேபிள் ஒட்டி ஓட்டினால்தான் தெரியும். பிரிண்ட் பேஸ்ட்டைக் கெட்டியாக்கும் திக்கனருக்கு அம்மோனியாவுக்குப் பதில் காஸ்டிக் சோடா ஊற்றுகிறார்களா என்று கேளுங்கள். அம்மோனியா சூட்டில் பறந்துவிடும். காஸ்டிக் போகாது, என்.எம்.ஏ.வுக்கு வேண்டிய அமிலச் சூழல் அமையவே அமையாது. துணிக்கு முன்பே சிலிகான் சாஃப்ட்னர் கொடுத்திருந்தாலும் பிரிண்ட் சரியாகப் பிடிக்காது. இதையெல்லாம் பிரித்துப் பார்க்கிறவர் கெமிஸ்ட்தான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

கேள்வியும் இங்கேதான் இருக்கிறது. என்.எம்.ஏ. தோலை உறுத்தும் ஃபார்மால்டிஹைடை விடும். மிஞ்சிய மோனமரைத் தீர்க்க ரோங்கலைட் என்ற வேதிப்பொருளைப் போட்டால் அதுவும் விடும். துணியில் தீங்கான பொருள்களுக்கு வரம்பு வைக்கும் ஓக்கோ-டெக்ஸ் தரத்தில் தோலில் படும் உடைக்கு வரம்பு கிலோவுக்கு 75 மில்லிகிராம். கைக்குழந்தை உடையில் கண்டறியும் அளவுக்கே இருக்கக் கூடாது. டையசிட்டோன் அக்ரிலமைடும் அடிபிக் டைஹைட்ரசைடும் சேர்ந்த ஜோடி, ஃபார்மால்டிஹைடு இல்லாமல், படலம் உலரும்போதே குறுக்கே பிணைகிறது. என்.எம்.ஏ.யைவிட விலை கூடுதல். திருப்பூர் பின்னல் துணியில், எத்தனை சலவை தாங்கும், எவ்வளவு குறைந்த அளவில் போட்டால் போதும்? ஒரு வருடம் சிறு பேட்ச்களில் இதை ஓட்டி, தோற்ற பேட்ச்களையும் தேதியோடு எழுதி வையுங்கள். பேராசிரியருக்கு எழுதும்போது ஒரே பக்கத்தில் அந்தக் கேள்வியும் உங்கள் எண்களும் இருக்கட்டும். கம்பெனியின் ஃபார்முலாவை மட்டும் வெளியே எழுதாதீர்கள்.

ஜெர்மனி மட்டுமே வழி இல்லை. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் பாலிமர் வேலை வலுவாக நடக்கிறது. நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். (ஆய்வு மாணவர் உதவித்தொகை) வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், 2023 ஜனவரியிலிருந்து இதுதான் தொகை. வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்லிப் பேசுங்கள். மகள் மறுபடி பரீட்சை எழுதப் போகிறாள் என்று அவர்கள் நினைப்பதற்கும் இதற்கும் தூரம் அதிகம்.

நொய்யல் பற்றிய உங்கள் உறுத்தலை விட்டுவிடாதீர்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜை நம்பித்தான் தொழில் மீண்டது. அதன் நடுவில் இருக்கும், தண்ணீரை வடிகட்டும் ஆர்.ஓ. மெம்பரேனும் பாலிமர்தான்: ஒரு மைக்ரானுக்கும் குறைவான பாலிஅமைடு படலம். குளோரின் பட்டால் சங்கிலி அறும், அதனால்தான் முன்னால் சோடியம் மெட்டாபைசல்பைட் கொடுக்கிறார்கள். அதன் மேல் பைண்டர் படிந்தால் அடைத்துக்கொள்ளும், கழுவியும் எளிதில் விடாது. உங்கள் ரியாக்டரைக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? அதே கிரேடின் அடுத்த பேட்ச்சுக்கு அதையே சார்ஜ் தண்ணீராக எடுக்கலாம். சாலிட்ஸ் பார்த்துக் கணக்கில் கழிக்க வேண்டும், கெடாமல் இருக்க பயோசைட் போட்டு சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். முதலில் ஒரு கழுவலுக்கு எத்தனை லிட்டர் ஆகிறது என்று அளந்து பாருங்கள். அந்த எண்ணையும் ஜெல் எண்களையும் எனக்கு எழுதுங்கள்.