மோசமான படங்களைக் கிண்டல் செய்வதில் என்ன திறமை இருக்கிறது?

‘மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000’ தொடரைச் சுட்டி, பிறர் உழைத்து எடுத்த படத்தை உட்கார்ந்து நையாண்டி செய்வது அவமதிப்பு ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் துண்டுக் காட்சிகளை மட்டுமே பார்த்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன்.

1988-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரின் உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்றில் ஜோயல் ஹாட்ஜ்சன் தொடங்கிய நிகழ்ச்சி அது. விண்கலத்தில் அடைக்கப்பட்ட ஒருவனுக்குக் கிறுக்கு விஞ்ஞானிகள் மட்டமான படங்களாகப் பார்த்து அனுப்ப, அவன் இரண்டு ரோபோக்களோடு நிழலுருவாக முன்வரிசையில் அமர்ந்து, படம் ஓட ஓடக் கேலி பேசிக்கொண்டிருப்பான்.

நான் சென்னையில் உதவி இயக்குநராக இருந்தவன். நான் வேலை பார்த்த ஒரு படத்தில், தந்தை சாகும் காட்சிக்கு முன்பே நடிகரின் கால்ஷீட் முடிந்துவிட்டதால், டூப் ஒருவரை முதுகுப்புறமாக நிறுத்தி எடுத்து, டப்பிங்கில் வேறு குரலை ஒட்டினோம். வெளியான அன்று அந்த இடத்தில் திரையரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பு என்னை வருத்தவில்லை. அவர்கள் காசு கொடுத்து, கண்ணைத் திறந்து வைத்துப் பார்த்தவர்கள். இடைவேளையிலேயே எழுந்து போய், மாலைக்குள் கிளைமாக்ஸ் உட்பட அனைத்தையும் திட்டி வீடியோ போட்டவர்களைத்தான் இன்றும் மன்னிக்க முடியவில்லை. (கடைசித் தவணைச் சம்பளத்தைத் தராத தயாரிப்பாளரும் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தாரா என்பது ஐயமே.)

பிற்பாடு, இத்தொடர் 1993-இல் கையில் எடுத்த ‘மனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்’ படத்தைக் கண்டேன். டெக்சாஸின் எல் பாசோவில் உர வியாபாரியான ஹால் வாரன், 1966-இல், ஒரு தடவைக்கு அரை நிமிடமே ஓடும் கேமராவைக் கொண்டு எடுத்த படம் அது. ஒலி முழுவதும் பின்னர் ஒருசிலர் பேசிச் சேர்த்தது. நடிகர்களுக்குச் சம்பளத்திற்குப் பதில் லாபத்தில் பங்கு தருவதாகச் சொல்லியிருந்தார். லாபம் வரவே இல்லை. முதல் காட்சியிலேயே பார்வையாளர்கள் சிரித்தார்கள் என்பதைப் படித்தபோது, அவர்களை எனக்கு முன்பே தெரியும் போலிருந்தது. ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த அப்படத்தை உலகறியச் செய்தது இந்தக் கேலிதான். 2011-இல் அதன் 16 மி.மீ. பிரதி கிடைத்தபோது அதைச் செப்பனிட ஆள் இருந்ததற்கும் அதுவே காரணம்.

அமெரிக்கச் சரக்கு என்பதற்காகத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று எவரும் கிளம்ப வேண்டாம். இத்தொடர் கையில் எடுத்த ‘மிட்சல்’ படத்தில், அதன் நாயகன் ஜோ டான் பேக்கரின் உடல்வாகைக் குறிவைத்த கேலிகள் எனக்கும் உவப்பானவை அல்ல. ஆனால் படத்தை ஒருமுறைக்குப் பலமுறை பார்த்து, வசனங்களுக்கு இடையே கிடைக்கும் சிறு இடைவெளியில் நகைச்சுவையைப் பொருத்துவது, எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், விளையாட்டு வேலை அல்ல.

நீங்கள் ‘மனோஸ்’ எபிசோடில் தொடங்காதீர்கள். கேலியோடு பார்த்தாலும் அது நகராது. ‘ஸ்பேஸ் மியூட்டினி’யைப் பாருங்கள். அதில் கொல்லப்பட்ட பெண் அதிகாரி, அடுத்த காட்சியிலேயே தன் இருக்கையில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். செத்தவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்த பெருந்தன்மையை நம் நிழலுருவங்கள் உடனே பாராட்டிவிடும். காட்சிக்குக் காட்சி தொடர்ச்சி பிசகாமலிருக்கக் குறித்து வைக்கும் கண்டினியுட்டி நோட்டுப் புத்தகம் சுமந்தவன் என்ற முறையில், நான் அங்கே நிறுத்தி, மறுபடி ஓட்டிச் சிரித்தேன்.