ஞாயிற்றுக்கிழமை ஏன் அழுகையில் முடிகிறது?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். அவருக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி, எனக்குக் காட்பாடியில் பள்ளி வேலை. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 7. மாமா தவறிய பிறகு, வேலூர் மாவட்டம் அணைக்கட்டுத் தாலுக்காவில் ஒரு கிராமத்தில் இருந்த மாமியாரும் போன வருஷத்திலிருந்து எங்களோடு இருக்கிறார். வாரம் முழுக்க பிள்ளைகளுக்குப் பள்ளியும் டியூஷனும் செல்போனும்தான். ஞாயிறாவது உருப்படியாகப் போகட்டும் என்று நானே திட்டம் போடுகிறேன். போன ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏரி சுத்தம் செய்யும் குழுவோடு போனோம். பதினொரு மணிக்குக் கோட்டையும் மியூசியமும். மதியம் களிமண் கைவேலை வகுப்பு. சாயங்காலம் நீச்சல் குளம். அத்தை மதியம் வரை காரிலேயே உட்கார்ந்திருந்தார். மகன் குளத்தில் இறங்கிய பத்தாவது நிமிஷம் வாந்தி எடுத்தான். மகள், "எல்லாம் போட்டோ எடுக்கத்தானே?" என்று கேட்டுவிட்டு அழுதாள். கணவர் இனி தன்னைக் கூப்பிடாதே என்கிறார். நல்லதுதானே செய்கிறேன்? எங்கே தப்பு?
– பெயர் வேண்டாம், காட்பாடி.

பதில்:

அன்புச் சகோதரி,

முதலில் நீச்சலைப் பேசிவிடுகிறேன். மற்றது அப்புறம்.

எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தது பள்ளிகொண்டா பக்கம் எங்கள் தாத்தாவின் கிணறு. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, இடுப்பில் தாம்புக் கயிறு போட்டு, மாமா மேலே நின்று பிடித்துக்கொள்வார். ஒருநாள் காலையிலிருந்து மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கிவிட்டு, வெயில் தாழ நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் கிணற்றில் இறங்கினோம். என் சித்தி மகன் எங்கள் எல்லோரையும்விட நன்றாக நீந்துவான், அதனால் அவன் இடுப்பில் கயிறு கிடையாது. எனக்கு இரண்டு முழம் தள்ளித்தான் இருந்தான். முகத்தை மேலே தூக்கினான், வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அப்படியே கீழே போனான். பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை. மாமா குதித்து முடியைப் பிடித்துத் தூக்கினார். பிழைத்துக்கொண்டான்.

தண்ணீரில் மூழ்குகிறவர்கள் கையை ஆட்டி 'காப்பாத்துங்க' என்று கத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூச்சு விடவே முடியாதவனுக்குக் கத்த எங்கே மூச்சு? அதிலும் களைத்த பிள்ளை சட்டென்று அடங்கிப்போகும். உங்கள் மகன் ஏழு மணியிலிருந்து வெயிலில் நின்றவன், மதியம் சரியாகச் சாப்பிட்டானோ இல்லையோ. அவனைச் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தண்ணீரில் இறக்கியிருக்கிறீர்கள். வாந்தியோடு போனது. உங்கள் பட்டியலில் நான் தப்பு என்று சொல்வது இது ஒன்றைத்தான், இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். நீச்சல் இருக்கிற நாளில் நீச்சல்தான் முதல் வேலை. காலையில், உடம்பு புதிதாக இருக்கும்போது, இரண்டு இட்லி உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்து இறங்கட்டும். அரை மணி போதும். உதடு நீலம் பாய்வதற்குள் மேலே ஏற்றிவிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதில் ஒரே ஒரு வரியில் ஒருவர் வந்து போகிறார். "அத்தை மதியம் வரை காரிலேயே உட்கார்ந்திருந்தார்." மற்ற எல்லாவற்றையும் விட்டு என் மனம் அங்கேயே நின்றுவிட்டது. நீங்கள் பிள்ளைகளுக்காகத் தேடி அலைகிற நாலும் அந்த அம்மாவிடம் இருக்கிறது. ஏரி அவர் ஊரில் இருக்கிறது. கிணறு இருக்கும். ஓலையில் பொம்மை செய்யும் கை இருக்கும். அணைக்கட்டுப் பக்கம் என்றால் பின்னால் மலையே இருக்கிறது. அவரைக் காரில் உட்கார வைத்துவிட்டு, இதையெல்லாம் நாலு இடத்தில் பணம் கட்டித் தேடியிருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. நகரத்துக்கு வந்த நாமெல்லாம் செய்கிற காரியம்தான் இது.

அடுத்த ஞாயிறு அவர் ஊருக்குப் போங்கள். போகலாமா என்று அவரைக் கேட்காதீர்கள். "அத்தை, நீங்க கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லுங்கள்.

இப்போது ஆவணி முடியப்போகிறது, பனம்பழம் விழுகிற காலம். விடிகாலையில் மரத்தடியில் கறுத்த பழங்கள் கிடக்கும், அந்த வாசனை தூரத்திலேயே தெரியும். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை, சிலவற்றில் இரண்டு. நாரோடு பிசைந்து கொட்டையை எடுப்பது பிள்ளைகள் வேலை. கையெல்லாம் மஞ்சளாகி மணக்கும், உங்கள் மகன் விடமாட்டான். ஐப்பசி மழைக்கு முன்னால் ஏரிக்கரையில் ஒரு அடிக் குழி எடுத்து, பத்தடிக்கு ஒன்றாக ஊன்றினால் போதும். உரம் வேண்டாம், வேலி வேண்டாம். ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கரையில் எந்தப் பக்கம் மண் அரிக்கிறது, எங்கே ஊன்ற வேண்டும் என்பதை ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

ஏரி சுத்தம் செய்யும் குழுவில் ஏழு வயதுப் பிள்ளையைக் குப்பை பொறுக்க விட்டிருந்தால், இனி வேண்டாம். நம் ஏரிக்கரைகளில் பிளாஸ்டிக்கைவிட உடைந்த பாட்டில்தான் அதிகம். அதைப் பெரியவர்கள் கையுறை போட்டு எடுக்கட்டும். பிள்ளைக்குக் கொட்டை எண்ணுகிற வேலை, மோர் ஊற்றிக் கொடுக்கிற வேலை கொடுங்கள். அதுவும் தொண்டுதான்.

நாளின் வரிசையை நம் ஊர் வெயில்தான் தீர்மானிக்க வேண்டும். சுற்றிலும் பாறை மலை வைத்துக்கொண்டிருக்கிற வேலூரில், பதினொரு மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே நிறுத்துவது நியாயமில்லை. காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். போனதும் சாப்பாடு. பிறகு பழம் பொறுக்குவதும் கொட்டை எடுப்பதுமாக நிழலிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். அப்புறம் கிணறு.

கிணற்றுக்கு ஐந்தாறு விஷயம் இருக்கிறது, ஒன்றையும் விடாதீர்கள். மோட்டாரை நிறுத்தினால் மட்டும் போதாது, மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு ஒரு ஆளை அங்கே நிறுத்துங்கள். ஒயர் கசிந்து கிணற்றிலேயே உயிர் போன கதைகள் நம் கிராமங்களில் உண்டு. படியில் பாசி இருக்கிறதா என்று முதலில் உங்கள் கணவர் இறங்கிப் பார்க்கட்டும். மகனுக்கு இடுப்பில் கயிறு, முதுகில் மூடி இறுக்கிய காலி கேன். அவன் கைக்கெட்டும் தூரத்தில் நீந்தத் தெரிந்த ஒரு பெரியவர் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், கரையில் நின்றால் பத்தாது. "அக்கா பாத்துப்பா" என்று மகளிடம் விடவே கூடாது, அவளும் குழந்தைதான். யாராவது தத்தளித்தால் நீந்தத் தெரியாதவர் குதிக்கக் கூடாது. கயிறோ கேனோ புடவையோ வீசுங்கள். நீந்தத் தெரிந்த ஆள் யாரும் கிடைக்கவில்லையென்றால் அன்றைக்குக் கிணறு வேண்டாம், பம்புசெட் தொட்டியில் குளித்துவிட்டு வாருங்கள். பாலாற்றில் மழைத் தண்ணீர் நிற்கிறதே என்று அங்கே மட்டும் இறக்கிவிடாதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே பார்க்க முழங்கால் ஆழம் போலத் தெரியும், அடுத்த அடி வைத்தால் ஆள் முழுகும்.

மதியம் சாப்பாட்டுக்கு, போகிற வழியில் முள் கத்திரிக்காய் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பேர்போன இலவம்பாடி அணைக்கட்டுத் தாலுக்காவில்தான் இருக்கிறது. அந்தக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பில் முள் இருக்கும், மகனுக்குக் காட்டுங்கள். உங்கள் அத்தை வைக்கிற குழம்புக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் எல்லோரும் படுங்கள். திண்ணையோ வேப்பமரத்தடியோ, எங்கே காற்று வருகிறதோ அங்கே. உங்கள் திட்டத்தில் இந்த ஒரு மணி நேரம் இல்லவே இல்லை, உங்கள் கணவரின் கோபத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆறு நாளும் கம்பெனியில் நின்று வேலை செய்கிற மனிதர் அவர். அவரோடு இதற்கு மேல் பெரிய பேச்சு எதுவும் தேவைப்படாது.

எழுந்ததும் ஓலை. காய்ந்த ஓலை ஒடியும். ராத்திரியே தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்லிச் சொந்தக்காரர் யாருக்காவது போன் செய்துவிடுங்கள், பதமாக வளையும். ஈர்க்கை உரித்தெடுத்து, இரண்டு துண்டு ஓலையைக் குறுக்கே மடித்துக் கோத்து, நடுவில் ஒரு கருவேல முள்ளைக் குத்தி, சோளத்தட்டை நுனியில் செருகினால் காத்தாடி. முள்ளை முழுக்க அழுத்திவிட்டால் சுற்றாது, நகக்கண் அளவு இடம் விட வேண்டும். அந்த அளவை யாராலும் வாயால் சொல்லித்தர முடியாது. உங்கள் அத்தையின் விரலைப் பார்த்துத்தான் மகள் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று காத்தாடி வீணாகட்டும். வகுப்பில் ஒன்றரை மணி நேரத்தில் எல்லோரும் ஒரே மாதிரி களிமண் யானை செய்துகொண்டு வருவதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் கொட்டையை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு நடங்கள். மகன் காத்தாடியைப் பிடித்துக்கொண்டு கரைமேல் ஓடட்டும்.

இனி உங்கள் மகள். அவள் கேட்டது உங்களுக்குக் குத்தியிருக்கும். ஆனால் பன்னிரண்டு வயதில் அந்தக் கேள்வி ஒரு பிள்ளைக்கு வருகிறது என்றால், நீங்கள் நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். "போன ஞாயிறு போன ஏரிக்கு நாம திரும்பப் போகல, அதனால உனக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும்" என்று ஒத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கரை, ஒரே ஒரு வரிசை பனை, மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பது. எத்தனை ஊன்றினோம், எத்தனை முளைத்தது என்று ஒரு நோட்டில் அவளே எழுதட்டும். அந்த நாளில் போன் காரிலேயே இருக்கட்டும்.

இன்னொரு ஞாயிறு கணியம்பாடிப் பக்கம் கூட்டிப்போய் நாகநதியைக் காட்டுங்கள். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருகிற அந்த ஆறு வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்தது. நூறுநாள் வேலைக்குப் போகிற பெண்கள்தான் ஆற்றுக்குள் மழைநீரை மண்ணுக்குள் இறக்குகிற கிணறுகளை வெட்டினார்கள், கல் தடுப்புகள் கட்டினார்கள். சுற்றுக் கிராமத்துக் கிணறுகளில் தண்ணீர் ஏறியது. 2021-இல் பிரதமர் வானொலியில் பேசும்போது அதைக் குறிப்பிட்டார். அந்த அம்மாக்கள் வேலை செய்த வருஷங்களில் முக்கால்வாசி நாள் அவர்களை யாரும் போட்டோ எடுத்திருக்க மாட்டார்கள். உங்கள் மகளுக்கு அது புரியும்.

கோட்டையை விட்டுவிடச் சொல்லவில்லை. அதற்குத் தனியாக ஒரு காலை கொடுங்கள். அன்றைக்கும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் ஒரே ஒரு தூண், யாளியோ குதிரையோ, மகனே தேர்ந்தெடுத்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து வரையட்டும். நூற்றாண்டுகளாகச் சாமியில்லாமல் இருந்த கோயில் அது. 1981-இல்தான் லிங்கத்தைத் திரும்ப வைத்தார்கள். உங்கள் அத்தை அப்போது இளம்பெண்ணாக இருந்திருப்பார், அவருக்கு அது நினைவிருக்கும், கேளுங்கள். வெளியே வந்ததும் மக்கான் சந்திப்பில் நிற்கிற சிப்பாய்ப் புரட்சித் தூணை மகளுக்குக் காட்டி, 1806 ஜூலை 10 விடியற்காலையில் என்ன நடந்தது என்று அங்கேயே நின்று சொல்லுங்கள். பத்து மணிக்கு வீட்டில் இருக்கலாம். அமிர்தி அருவி மழை பெய்த பிறகு, மார்கழி லீவில்.

மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கேயும் போகாதீர்கள். பிள்ளைகள் "போர் அடிக்குது" என்று சொல்லட்டும், பதில் சொல்ல அவசரப்படாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஏரிக்கரையில் ஊன்றிய கொட்டை முதலில் கீழே மண்ணுக்குள்தான் முளையை இறக்கும். மேலே ஓலை தெரியவே மாதக்கணக்காகும், காய்க்க 15 வருஷத்துக்கு மேல் ஆகலாம். ஏழு வயதுப் பையனுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. அதனால் ஐம்பது கொட்டையைச் சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். வீட்டுப் பின்னால் மணலும் மண்ணும் கலந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு பாத்தி கட்டி, நெருக்கமாக அடுக்கி, மேலே மண் தூவி, தினம் தண்ணீர் தெளிப்பது அவன் பொறுப்பு. பொங்கலுக்குள் கிழங்கு விட்டிருக்கும். அவனையே தோண்டச் சொல்லுங்கள். கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, நடு நரம்பை எடுத்துவிட்டுக் கொடுங்கள். கொட்டையைக் கொடுவாளால் இரண்டாக வெட்டினால் உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளையாக, இனிப்பாக ஒன்று இருக்கும், பூரான் என்றும் தவுன் என்றும் சொல்வார்கள். வெட்டுகிற வேலை மட்டும் உங்கள் கணவருடையது. முதல் துண்டை அத்தையிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எத்தனை கிழங்கு வந்தது என்று தை மாதம் எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.